லோடு முடிந்தால் போகலாம்

“அண்ணே, இன்னைக்கு எத்தனை மணிக்கு விடுவீங்க?”

“லோடு முடிஞ்சா போயிடலாம்பா.”

மாலை நான்கு மணிக்கு மேல் குடோன்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்பவர் ரேக்குகளுக்கு நடுவே ஸ்கேனரோடு நடந்து சரக்கு எடுப்பவர். பதில் சொல்பவர் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் மழுப்பவில்லை, அவருக்கே தெரியாது. மூன்று மணிக்கு வர வேண்டிய லாரி இன்னும் வரவில்லை. ஐந்தரைக்கு விற்பனைப் பிரிவிலிருந்து இன்னொரு கட்டு ஆர்டர் வரும். இரண்டு பேர் இன்று வேலைக்கு வரவில்லை. இத்தனைக்கும் நடுவில் அவரால் தர முடிந்த நேர்மையான பதில் அதுதான்.

ஆனால் அந்தப் பதில் வந்த நிமிடத்திலிருந்து வேலையின் வேகம் மாறிவிடுகிறது. ஆறு மணிக்கு முடியும் என்று தெரிந்தவர் ஆறு மணி வரைக்குமான தெம்பைச் செலவழிப்பார். ஒன்பதோ பத்தோ ஆகலாம் என்றால் அதே தெம்பைப் பிரித்து வைத்துக்கொள்வார். இதைச் சோம்பல் என்று குறித்துவைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அது உடம்பு போடும் கணக்கு. எவ்வளவு தூரம் என்று தெரியாத பாதையில் யாரும் ஓடத் தொடங்குவதில்லை.

லாஜிஸ்டிக்ஸ் வேலையில் வாழ்க்கைச் சமநிலை பற்றிப் பேசினால் லீவு நாள்கள், மருத்துவக் காப்பீடு, கேன்டீன் என்று பேச்சு போகும். எல்லாம் தேவைதான். என்றாலும் சரக்கு கையாளும் இடத்தில் உற்பத்தித்திறனை முதலில் தீர்மானிப்பது ஒரே கேள்வி: இன்று எப்போது வீட்டுக்குப் போவேன் என்பது காலையில் கார்டு பஞ்ச் செய்யும்போதே தெரியுமா? தெரியும் என்றால் அந்தக் கிடங்கில் யாரோ வேலைச்சுமையைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தெரியாது என்றால் கணக்கே இல்லை; வந்ததெல்லாம் ஆளின் தலையில் ஏறுகிறது.

ஓவர்டைம் எக்செல் தாளில் பிறக்கிறது

ஓவர்டைம் மாலையில் வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது முந்தின வாரமே, ஆள் எண்ணிக்கை போடும் தாளில் பிறந்துவிடுகிறது.

ஒரு எடுத்துக்காட்டு. நாளைக்கு 4,000 லைன் (ஆர்டரில் ஒரு பொருளுக்கான ஒரு வரி) எடுக்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். பிளானர் 4,000-ஐ 480-ஆல் வகுக்கிறார், 8.3 வருகிறது; ஒன்பது பேர் போதும் என்று எழுதிவிடுகிறார்.

அந்த 480 நிமிடம் எங்கும் கிடைப்பதில்லை. சாப்பாட்டுக்கு 30, இரண்டு தேநீர் இடைவேளைக்கு 20, ஷிப்ட் தொடக்கத்தில் விளக்கத்துக்கும் ஒப்படைப்புக்கும் 15, ஸ்கேனர் பேட்டரி மாற்றுவதற்கும் டிராலி தேடுவதற்கும் 10. மொத்தம் 75 போனால் மிச்சம் 405. ஒன்பது பேர் நாள் முழுக்க ஒரு நொடிகூடத் தடுமாறாமல் வேலை செய்தால் 3,645 லைன் முடியும். 355 பாக்கி. ஆளுக்கு ஏறக்குறைய 40 நிமிடம் கூடுதல், அதுவும் காலை நேர வேகத்தில். ஒருவர் வராவிட்டால் எட்டு பேர், 3,240 லைன், பாக்கி 760, ஆளுக்கு 95 நிமிடம். ஆக, தினசரி ஓவர்டைமுக்கு லாரி தாமதமும் வேண்டாம், அவசர ஆர்டரும் வேண்டாம். எல்லாம் திட்டப்படி நடந்தாலும் ஓவர்டைம் வரும்.

இதே கணக்கை 405 நிமிடத்தில் 85 சதவீதம் மட்டும் நிரப்பிப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 344 லைன், 12 பேர். அன்றைக்கு இரண்டு பேர் வராவிட்டாலும் மிஞ்சும் பத்துப் பேரால் 4,050 லைன் எடுக்க முடியும். அந்த 15 சதவீதம் ‘சும்மா நிற்கும் நேரம்’ என்று நிதிப் பிரிவு சொல்லும். காலியான பின் (ரேக்கில் ஒரு சரக்குக்கான தட்டு), கிழிந்த லேபிள், வராத ஆள், திரும்பி வந்த சரக்கு எல்லாம் குடித்துவிட்டுப் போகும் நேரம் அது. திட்டத்தில் இடம் ஒதுக்காவிட்டாலும் அவை வந்தே தீரும். ஒதுக்கவில்லை என்றால் தொழிலாளியின் மாலைப் பொழுதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓவர்டைம் வருகிற இடங்கள். அங்கே சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஆர்டர்கள் நாள் முழுக்கச் சமமாக வருவதில்லை. காலையில் தூறலாகவும் மதியத்துக்கு மேல் கொட்டுமழையாகவும் வரும். பன்னிரண்டு பேரும் ஒன்பது மணிக்கே வந்து பதினோரு மணி வரை கையில் வேலையில்லாமல் நின்றுவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்ப முடியாமல் தவிப்பார்கள். கடந்த நான்கு வாரத்து ஆர்டர் பதிவை மணிவாரியாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டாலே இது கண்ணில் அறையும். எட்டு பேர் ஒன்பதிலிருந்து ஐந்து, நான்கு பேர் பதினொன்றிலிருந்து ஏழு என்று மாற்றினால், அதே பன்னிரண்டு சம்பளத்தில் மாலை நெரிசல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பதினோரு மணி ஷிப்டை யார் தலையிலும் கட்டாமல் முதலில் விருப்பம் கேட்க வேண்டும். காலையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்கள் அதைத் தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கடைசி இரண்டு மணி நேரத்தில் நடப்பது

பத்தாவது மணி நேரத்தில் ஒரு தவறு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஆர்டரில் இரண்டு அட்டைப்பெட்டி கேட்டிருக்கிறார்கள், பெட்டிக்கு 12 எண்ணம். அதே பொருள் 24 எண்ணம் கொண்ட பெட்டியிலும் வருகிறது. நிறம் ஒன்று, எழுத்து ஒன்று, உயரம் மட்டும் கொஞ்சம் வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பின்னில் இருக்கின்றன. முறைப்படி, ரேக்கில் ஒட்டிய இட லேபிளை ஸ்கேன் செய்ய வேண்டும்; பிறகு முதல் பெட்டியின் பார்கோடு, பிறகு இரண்டாவது பெட்டியின் பார்கோடு. காலை பத்து மணிக்கு எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இரவு எட்டு மணிக்கு முதல் பெட்டியை ஸ்கேன் செய்துவிட்டு, அளவு 2 என்று கையால் தட்டிவிட்டு, இரண்டாவது பெட்டியை இழுப்பார்கள். அதன் பார்கோடு உள்பக்கம் திரும்பியிருக்கும். திருப்பிப் பார்க்க முதுகு இடம் கொடுக்காது. அந்தப் பெட்டி பக்கத்துப் பின்னிலிருந்து வந்த 24 எண்ணப் பெட்டி.

ஸ்கேனர் பச்சை விளக்கு காட்டும். பேக்கிங் மேசையில் எடை சரிபார்ப்பு இருந்தால் அங்கே பிடிபடும். இல்லாவிட்டால் பெட்டி லாரியில் ஏறிவிடும். மறுநாள் வாடிக்கையாளரிடமிருந்து போன். படம் அனுப்பச் சொல்ல வேண்டும், இன்வாய்ஸோடு ஒப்பிட வேண்டும், கிரெடிட் நோட் போட வேண்டும், திரும்பி வரும் பெட்டிக்கு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், வந்ததைச் சோதித்து மீண்டும் ரேக்கில் வைக்க வேண்டும், சரியான பெட்டியைப் புதிதாக எடுத்து அனுப்ப வேண்டும். இதோடு முடியவில்லை. இப்போது இரண்டு பின்களிலும் ஸ்டாக் தவறு. ஒன்றில் ஒரு பெட்டி கூடுதல், மற்றதில் ஒன்று குறைவு. குறைவான பின்னுக்கு நாளை வேறொருவர் வருவார். கணினி ஒன்று இருக்கிறது என்று சொல்லும், பின் காலியாக இருக்கும். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிடுவார், சூப்பர்வைசர் மேல் ரேக்கில் தேடுவார், ஃபோர்க்லிஃப்ட் காத்து நிற்கும்.

இப்படி நாலு பேர் கையில் சிதறிப்போகும் வேலையைக் கூட்டினால் ஒரு தவறுக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வது மிகையில்லை. இரண்டு மணி நேர ஓவர்டைமில் மூன்று தவறு நடந்தாலே 75 நிமிடம் போயிற்று. உயர்த்தப்பட்ட கூலி கொடுத்து வாங்கிய 120 நிமிடத்தில் மிச்சம் 45. போன 75 நிமிடம் மறுநாளின் வேலையோடு சேர்ந்து மறுநாளின் ஓவர்டைமை உண்டாக்குகிறது. சில கிடங்குகளில் சீசன் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகும் ஓவர்டைம் மட்டும் குறையாமல் இருப்பதற்கு இந்தச் சுழல்தான் காரணம்.

இது அறிக்கைகளில் தெரியாமல் போவதற்கும் ஒரு எளிய காரணம் உண்டு. புகார் வந்த தேதியில்தான் தவறு பதிவாகிறது; சரக்கு எடுத்த மணியில் பதிவாவதில்லை. ‘மணிக்கு 58 லைன்’ என்ற எண் மட்டும் பளபளப்பாக நிற்கும். கிடங்கு மென்பொருளிலிருந்து ஒவ்வொரு லைனும் எடுக்கப்பட்ட நேரத்தை இறக்கி, ஒவ்வொரு புகாரையும் அந்த நேரத்தோடு பொருத்தி, ஷிப்ட் தொடங்கி எத்தனையாவது மணி நேரம் என்று அடுக்கிப் பாருங்கள். முதல் எட்டு மணி நேரமும் அதற்குப் பிறகும் தனித்தனியாகத் தெரியும். பிறகு சரியாகப் போன லைன்களை மட்டும் எண்ணி, ஓவர்டைம், திருத்த வேலை எல்லாம் சேர்ந்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். உற்பத்தித்திறன் என்று சொல்லத் தகுந்த எண் அது ஒன்றுதான் என்பேன்.

நூறு வருடமாகத் தெரிந்த விஷயம்

நீண்ட நேரம் வேலை வாங்கினால் அதிகம் கிடைக்காது என்பது புதிய கண்டுபிடிப்பில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் ஒரு குழு பதிவு செய்து வைத்தது. அந்தப் பழைய எண்களை ஜான் பென்கவல் என்ற பொருளாதார அறிஞர் 2014-ல் மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணி நேரம் வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தியும் ஏறியது. அதற்கு மேல் ஏற்றம் தளர்ந்துகொண்டே போய், வாரம் 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியோடு பெரிய வித்தியாசம் இல்லாமல் நின்றது. வார ஓய்வு நாள் இல்லாமல் வேலை செய்ததும் உற்பத்தியைக் குறைத்தது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் ஒப்பந்தமே, 1919-ல், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. துறைமுகத்திலும் கிடங்கிலும் சரக்கு கையாளுவோரை அதன் வரையறைக்குள் சேர்த்தது. அதே அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாரம் 35–40 மணி நேரம் வேலை செய்வோரைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்வோருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்றது.

விபத்துக் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. ஷிப்ட் வேலை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்த சைமன் ஃபோக்கார்டும் உடன் ஆய்வாளர்களும், 8 மணி நேர ஷிப்டைவிட 10 மணி நேர ஷிப்டில் விபத்து அபாயம் ஏறக்குறைய 13 சதவீதமும் 12 மணி நேர ஷிப்டில் 27 சதவீதமும் கூடுவதாகக் காட்டினார்கள். தொடர்ந்து இரவு ஷிப்ட் போட்டால் முதல் இரவைவிட இரண்டாம் இரவு 6, மூன்றாம் இரவு 17, நான்காம் இரவு 36 சதவீதம் அதிகம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

சுமை என்றால் கிலோ மட்டும் இல்லை

அமெரிக்காவின் பணியிட ஆரோக்கிய நிறுவனமான நியோஷ் 1991-ல் திருத்திய தூக்கும் சூத்திரத்தில் தொடக்க எண் 23 கிலோ. பலருக்கு இந்த 23 மட்டும் நினைவிருக்கிறது. அது எல்லாம் நல்லபடி அமைந்தால் தூக்கக்கூடிய எடை: பெட்டி உடம்போடு ஒட்டி, தரையிலிருந்து சுமார் 75 செ.மீ. உயரத்தில், உடம்பைத் திருப்பாமல், அடிக்கடி இல்லாமல். நிமிடத்துக்கு 6 முறை, நாள் முழுக்கத் தூக்க வேண்டும் என்றால் அந்த எண்ணை 0.27-ஆல் பெருக்கச் சொல்கிறது சூத்திரம். 6 கிலோ சொச்சம்தான் வருகிறது. அதே வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை என்றால் பெருக்கல் எண் 0.75, 17 கிலோ வரை போகலாம். ஒரே பெட்டி, ஒரே ஆள். எவ்வளவு நேரம் தொடர்கிறது என்பதை வைத்து மட்டும் பாதுகாப்பான எடை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே லாரி ஏற்றுபவரை நாள் முழுக்க லாரியிலேயே நிறுத்தாமல், ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேனிங், லேபிள் ஒட்டுதல், பேக்கிங் என்று மாற்றிவிடுவது உபசாரம் இல்லை. பிற்பகலிலும் காலை வேகம் கிடைக்க வேண்டுமென்றால் அதுதான் வழி.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையால் சரக்கு எடுக்கும் கிடங்குகளில் எடுப்பவரின் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடப்பதிலேயே போகிறது என்பது கிடங்கு வடிவமைப்புப் பாடங்களில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. தேடுவது ஐந்தில் ஒரு பங்கு. கையால் எடுக்கும் செயலுக்கு அதைவிடக் குறைவு. டார்கெட்டை உயர்த்தும் மேலாளர் உண்மையில் கால்களைத்தான் விரட்டுகிறார். அதற்குப் பதில் அதிகம் ஓடும் சரக்குகளைப் பேக்கிங் மேசைக்குப் பக்கத்து ரேக்குகளில், முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்தால் நடையும் குனிவும் குறையும். ஒரே மாதிரித் தோன்றும் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒரு ரேக் தள்ளி வைத்தால் மேலே சொன்ன 12–24 குழப்பம் பாதி ஒழியும். மாதம் ஒருமுறை எந்தச் சரக்கு எத்தனை முறை எடுக்கப்பட்டது என்று பட்டியல் எடுத்து இடம் மாற்ற வேண்டும். மாற்றும் நாளில் ஸ்டாக் எண்ணிக்கையும் சேர்த்து முடிக்காவிட்டால் இருக்கும் ஒழுங்கும் கெடும்.

டாக்கில் காத்திருக்கும் லாரி

டிரைவர்களின் கதை கொஞ்சம் வேறு. அவர்கள் வாழ்க்கையைத் தின்பது ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான்.

லாரி நின்று சரக்கை இறக்கும் மேடை, அதாவது டாக், ஒன்று. ஒரு லாரியை இறக்கச் சராசரி 30 நிமிடம். வண்டிகள் நேரம் குறிக்காமல் வருகின்றன, இறக்கும் நேரமும் வண்டிக்கு வண்டி மாறுகிறது. காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, டாக் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு லாரி சராசரியாக 2 மணி நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் நான்கரை மணி. 95 சதவீதம் என்றால் ஒன்பதரை மணி. டாக்கின் வேலை கூடியது 15 புள்ளி; காத்திருப்பு ஐந்து மடங்குக்குக் கிட்டப் போய்விட்டது. டாக்கை நூறு சதவீதம் பயன்படுத்துகிறோம் என்று பெருமைப்படும் கிடங்கு, வாசலில் டிரைவர்களின் தூக்கத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு மருந்து நேரம் ஒதுக்குவதுதான். 45 நிமிடத்துக்கு ஒரு வண்டி, நாளின் கடைசி இரண்டு இடங்கள் காலி, தாமதமாக வருபவருக்கு அவை. வண்டி வருமுன்பே பாலெட்டுகளை (சரக்கு அடுக்கிய தட்டுகளை) டாக் அருகே அடுக்கி வைத்திருக்க வேண்டும். ஆவணங்கள் வாசலிலேயே சரிபார்க்கப்பட வேண்டும். நேரம் ஒதுக்கிவிட்டு அதைக் காப்பாற்றாமல் போவதுதான் வழக்கமான கோளாறு. இரண்டு முறை ஏமாந்த டிரைவர் மூன்றாம் முறை மூன்று மணி நேரம் முன்பே வந்து நிற்பார். எல்லோரும் அப்படிச் செய்தால் ஒதுக்கீடு செத்தது.

சட்டங்களும் இங்கே கடுமையாகத்தான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, நாளுக்கு 9 மணி நேர ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. அமெரிக்காவில் சரக்கு டிரைவர் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். டாக்கில் காத்திருந்தாலும் அந்த 14 மணி நேரம் பொதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு மணி நேரத்தைக் கிடங்கு வாசலில் இழந்தவருக்கு 11 மணி நேர ஓட்டம் சாத்தியமே இல்லை. ஜப்பான் 2024 ஏப்ரல் 1 முதல் லாரி டிரைவர்களின் ஓவர்டைமை வருடத்துக்கு 960 மணி நேரத்துக்குள் நிறுத்தியது. அதனால் அங்கே சரக்கு அனுப்பும் நிறுவனங்களும் ஏற்றி இறக்கும் காத்திருப்பைக் குறைக்க வேண்டிய கட்டாயத்துக்கு வந்தன. டிரைவரின் களைப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது சரக்கு உரிமையாளரின் வாசல் என்பதை ஒரு நாடு அரசு அளவில் பேச வேண்டி வந்தது நல்லதே.

தூக்கம் பற்றி ஒன்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997-ல் காட்டியது: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. காலை ஐந்துக்கு எழுந்தவர் இரவு பத்துக்கு ஸ்டியரிங் பிடித்தால் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

ரோஸ்டர், இரவு, போன்

யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியலை, ரோஸ்டரை, குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு நிறுவனம் மாற்றினால் அதற்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். சின்னத் தொகையானாலும் பிளானரின் கை தயங்கும். ஒரு ஷிப்ட் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவே 11 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரவு பத்துக்கு முடித்தவரைக் காலை ஆறுக்கு வரச் சொன்னால், பயணமும் குளியலும் சாப்பாடும் போக ஐந்து மணி நேரத் தூக்கம்கூடச் சந்தேகம். சுழற்சி முன்னோக்கிப் போக வேண்டும்: காலை, மாலை, இரவு. பின்னோக்கிச் சுழற்றினால் உடம்பின் கடிகாரம் தடுமாறும். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணி வரை விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஸ்டாக் எண்ணுவது, விலை உயர்ந்த சரக்கைப் பிரிப்பது, உயர ரேக்கில் பாலெட் ஏற்றுவது எதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமை ஆட்களிடம் இருக்கட்டும். ராபர்ட் கராசெக் 1979-ல் முன்வைத்த மாதிரிப்படி, மனிதரை உடைப்பது அதிகச் சுமையும் அதன் மேல் தனக்கு எந்தப் பிடியும் இல்லாத நிலையும் சேர்வதுதான். சுமையைக் குறைக்க முடியாத சீசனில்கூட இந்தப் பிடியைக் கொடுக்க முடியும், செலவும் இல்லை.

அலுவலக மேசையில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு டாக் இல்லை, ஆனால் போன் இருக்கிறது. வண்டி எங்கே என்று இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்வி ஆறு பேர் குழுவில் விழுந்தால் ஆறு பேரின் தூக்கமும் கலையும். இரவுப் பொறுப்பு வாரத்துக்கு ஒருவர், அவருக்குத் தனி எண், மற்றவர்கள் குழுவை அமைதியில் வைக்க அனுமதி, அடுத்த நாள் காலை அவருக்குத் தாமதத் தொடக்கம். எந்தெந்த நிலைக்கு மட்டும் இரவில் அழைக்கலாம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்: விபத்து, வண்டி பழுது, குளிர்சாதன வண்டியில் வெப்பநிலை ஏறுவது, எல்லையில் ஆவணச் சிக்கல். ‘எத்தனை மணிக்கு வரும்’ என்ற கேள்வி அந்தப் பட்டியலில் வராது.

ஓவர்டைமை வேண்டும் என்பவர்கள்

இங்கேதான் பல நல்ல திட்டங்கள் கவிழ்கின்றன. ஓவர்டைமைக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்ததும் முதலில் எதிர்ப்பது தொழிலாளர்களே. காரணம் நியாயமானது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் 10 மணி நேரம், இரட்டைக் கூலியில் செய்பவருக்குக் கிடைப்பது 68 மணி நேரச் சம்பளம். அதில் 20 ஓவர்டைமிலிருந்து வருகிறது. கிட்டத்தட்டப் பத்தில் மூன்று பங்கு. அந்தக் குடும்பத்தின் வாடகையும் கடன் தவணையும் அந்த 68-ஐ நம்பித்தான் நிற்கின்றன. சமநிலை என்று சொல்லி அதை ஒரே மாதத்தில் பறித்தால் அவர் மாலையில் வேறொரு இடத்தில் டெலிவரி வண்டி ஓட்டப் போவார். களைப்பு குறையாது, நம் பதிவில் மட்டும் தெரியாமல் போகும்.

எனவே படிப்படியாக: வாரத்துக்கு 10 மணி நேர ஓவர்டைம், ஆறு வாரம் கழித்து 6, பிறகு 3. குறையும் ஓவர்டைம் தொகையில் ஒரு பங்கை அடிப்படைச் சம்பளத்திலும், இன்னொரு பங்கைக் குழு ஊக்கத்தொகையிலும் சேர்க்க வேண்டும். ஊக்கத்தொகை தனிநபர் வேகத்துக்குக் கொடுக்கப்பட்டால் எளிதான லைன்களுக்குப் போட்டி வரும், பாரமான பெட்டிகள் கடைசியில் தேங்கும், சரிபார்ப்பு கைவிடப்படும். முதல் தடவையிலேயே சரியாகப் போன லைன்களுக்கு, குழுவுக்கு மொத்தமாகக் கொடுத்தால் தளர்ந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கை கொடுப்பார். தவறுகளும் திரும்பும் சரக்கும் குறைவதில் மிஞ்சும் பணமே இந்தச் செலவின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். தாங்குகிறதா என்பதை மாதாமாதம், சரியாகப் போன லைன்களை மொத்த மணி நேரத்தால் வகுத்த அந்த எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விற்பனைப் பிரிவோடு ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும். அன்றைய ஆர்டரை ஏற்கும் கடைசி நேரம், அதாவது கட்-ஆஃப், நான்கு மணி என்றால் நான்கு மணி. தூரத்து வழித்தடங்களுக்கு இரண்டு, நடுத்தரத்துக்கு மூன்று, பக்கத்து ஊர்களுக்கு நான்கு என்று பிரித்தால் சரக்கு எடுப்பதும் அலை அலையாகப் பிரியும். அவசர ஆர்டருக்கு நாளுக்கு இத்தனை லைன் என்று ஓர் உச்சவரம்பு வைத்து, அதை அந்த 15 சதவீத இடைவெளிக்குள் அடக்க வேண்டும். வரம்பு தாண்டினால் எதை நாளைக்குத் தள்ளுவது என்பதை விற்பனை மேலாளரே கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும். அந்தக் கையெழுத்து கேட்கத் தொடங்கியதும் அவசரங்களில் பாதி அவசரமில்லை என்று தெரியவரும்.

தொடங்குவதற்கு முழுக் கிடங்கும் வேண்டாம். ஒரே ஷிப்ட், ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் அளக்க வேண்டும்: ஷிப்ட் உண்மையில் முடிந்த நேரம், மணிவாரித் தவறுகள், வராத ஆட்கள். அடுத்த நான்கு வாரம் 85 சதவீதத் திட்டமும் பிரித்த தொடக்க நேரமும் கட்-ஆஃபும். முதல் வாரம் எண்கள் கொஞ்சம் இறங்கும். புது வரிசைக்குக் கை பழகும் வரை பொறுக்க வேண்டும், இரண்டாம் வாரமே கைவிடக் கூடாது. ஒப்படைப்புக்கு 15 நிமிடம் இரண்டு ஷிப்டும் சேர்ந்து நிற்கட்டும். பாதியில் நிற்கும் ஆர்டர், பழுதான ஸ்கேனர், காலியான பின் மூன்றையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். அதே பலகையின் மேல் மூலையில், ஷிப்ட் தொடங்கும்போதே பெரிய எழுத்தில் இன்று முடியும் நேரம். மாறினால் சூப்பர்வைசர் பகல் இரண்டு மணிக்குள் அடித்துத் திருத்த வேண்டும், காரணத்தையும் பக்கத்தில் எழுதி. இரண்டு மணி தாண்டிவிட்டால் திருத்த அனுமதியில்லை. ஏறாத சரக்கு நாளைக் காலை முதல் வண்டியில் போகும்.